பெருக்கிக் கெடுத்த கணக்கு

எம்.எஸ்ஸி. இயற்பியலில் நான் முதல் வகுப்பு. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும்; எங்கள் வீட்டில் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், என் வீட்டுக்காரருக்குக் கிடைக்க இருந்த வேலையை ஒரே கணக்கில் காலி செய்தவள் நான்.

அவர் பெயர் ஜெபராஜ். வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் சேறு கலக்கும் வேலை. (பெண் பார்க்க வந்தபோது இதை யாரும் சொல்லவில்லை. 'எண்ணெய்க் கம்பெனி' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.) துளைக்குள் விடும் அந்தச் சேறு சரியான கனத்தில் இருந்தால்தான் அடியில் இருக்கும் வாயு பீறிட்டு வராமல் அடங்கிக் கிடக்குமாம். கல்யாணமாகி இருபதாம் நாள் போனவர், ஒரு வருஷம் கழித்து ஒப்பந்தம் முடிந்து வந்தார். வேறொரு கம்பெனியில் சேற்றைச் சோதிக்கிற வேலை காலியிருந்தது. கிடைத்தால் என்னையும் கூட்டிப் போகலாம். ரயில் ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் இன்டர்வியூ.

அதில் ஒரு கணக்கு கட்டாயம் வரும் என்றார். ஓர் அடி ஆழத்துக்கு அழுத்தம் இவ்வளவு கூடுகிறது என்று கொடுத்துவிட்டு, அப்படியானால் சேறு ஒரு காலனுக்கு (கிட்டத்தட்ட நாலு லிட்டர்) எத்தனை பவுண்டு என்று கேட்பார்கள். நடுவில் 0.052 என்று ஓர் எண். எடையிலிருந்து அழுத்தத்துக்குப் போகும்போது அதால் பெருக்க வேண்டும். திரும்பி வரும்போது வகுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்க உட்கார்ந்த நான் போகும்போதும் பெருக்கினேன், வரும்போதும் பெருக்கினேன். அழுத்தம் 0.52 என்றால் விடை பத்து பவுண்டு. எனக்கு வந்தது 0.027.

அவர் நோட்டைப் பார்த்துத் தயங்கினார். "அங்கன தராசுல வச்சா பத்து, பதினொண்ணுன்னுல்லா காட்டும்?"

"அது தராசு. இது ஃபிசிக்ஸ்" என்றேன்.

பாவம், நம்பிவிட்டார். ஒரு வாரம் பல் தேய்க்கும்போதுகூட 'பெருக்கணும், பெருக்கணும்' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இன்டர்வியூ அன்றைக்கு நானும் கூடப் போனேன். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெக்கைக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். கேள்வி கேட்டவர் காயல்பட்டினத்துக்காரர், நரைத்த தாடி, மெதுவான குரல். நாங்கள் எதிர்பார்த்த கணக்கேதான். என் வீட்டுக்காரர் விடையைச் சொன்னார். பெரியவர் தாடியைத் தடவினார்.

"தம்பி, இது சேறா, சாம்பிராணிப் புகையா?"

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். (இன்டர்வியூ நடக்கும் அறைக்குள், கையில் சோற்றுத் தூக்குடன்.) விடை சரிதான், நான் எம்.எஸ்ஸி., வேண்டுமானால் போட்டே காட்டுகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. காகிதத்தை என் பக்கம் தள்ளி, மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரைக் காட்டி, "தண்ணிக்கு அழுத்தம் 0.433. போடுங்கம்மா" என்றார்.

போட்டேன். ஒரு காலன் தண்ணீர் 0.0225 பவுண்டு என்று வந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்து, மனக்கணக்காகவே சொன்னார்: "அப்ப ஒரு குடம் தண்ணி ஒரு எலுமிச்சம்பழக் கனம் இருக்கும். இந்த ஊருப் பொம்பளைங்க உங்களுக்குக் கோயில் கட்டணும்."

ஆற்றில் தண்ணீர் போகிற ஊரில் பிறந்தவள், இடுப்பில் குடம் சுமந்தவள், ஒரு தடவை தண்ணீரை வைத்துச் சரிபார்த்திருக்கலாம். அப்போது இவர் சொன்னார்: "சார், அவ சரியாத்தான் சொல்லிக் குடுத்தா. நாந்தான் தப்பாப் படிச்சு, அவளையும் குழப்பிட்டேன்."

அந்தப் பெரியவர் என் கையெழுத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். வேலை கிடைக்கவில்லை.

பாளையங்கோட்டை பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். முருகன்குறிச்சி வரும்போதுதான் அவர் பேசினார்.

"எனக்காவ நீ உள்ள வந்தல்லா. இதுவரைக்கும் எனக்காவ ஒருத்தரும் எந்த ரூமுக்குள்ளயும் வந்ததில்ல."

அடுத்த வேலை கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில்தான் எனக்கு உண்மையில் கல்யாணம் நடந்தது என்று சொல்ல வேண்டும். அவருக்கு ரசத்தில் பூண்டு பிடிக்காது, தூக்கத்தில் சிரிப்பார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது இன்டர்வியூவுக்கு என் மாமியார் என்னை வாசல்படி தாண்ட விடவில்லை. "நீ வீட்ல இருந்து ஜெபம் பண்ணு, போதும்" என்றார்கள். அவர் தனியாகப் போனார், வகுத்தார், வென்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எந்த இன்டர்வியூவுக்குக் கிளம்பினாலும், பள்ளிக்கூட அட்மிஷன் ஆனாலும், "மெர்சி வரலல்லா?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள். போன மாதம் எங்கள் மகளுக்கு இன்டர்வியூ. என்னைத் தெருமுனை டீக்கடையில் உட்கார வைத்து, காவலுக்கு அவள் அப்பாவையும் வைத்துவிட்டுப் போனாள்.

நான் அசையாமல்தான் இருந்தேன். கால்மணி நேரத்தில் எழுந்து வேட்டியைச் சரிசெய்தவர் அவர்தான்.

"மெர்சி, உள்ள என்ன கேக்குதாங்களோ தெரியல. பைய போயி நின்னு பாப்பமா?"