விமலா தெளித்த கடல்தண்ணீர்

மரியாதைக்குரிய மச்சான் ராமையா அவர்களுக்கு, சிலிபினிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் தேவன் வணங்கி எழுதுவது. லுமுட்டில் தாங்களும் தங்கள் படகும் நலமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். வாட்ஸ்அப் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

எங்கள் மகள், உங்கள் மருமகள் துளசி பல்கலைக்கழகத்தில் கடல் கிருமிகளை ஆராய்கிறாள் அல்லவா. முன்பு எல்லாக் கிருமியையும் ஒன்றாகக் கலந்து படித்தார்களாம், ரப்பர் தோட்டத்துத் தொட்டியில் ஊற்றியபின் எது முத்தம்மா வெட்டிய பால், எது நாம் வெட்டிய பால் என்று தெரியாத மாதிரி. இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்து, அதனதன் மரபணுவைத் தனியாக வாசிக்கிறார்களாம். கண்ணுக்குத் தெரியாததுக்கு வந்த மரியாதையைப் பாருங்கள். நம்மைத் தோட்டத்துத் துரை பேர்கூடச் சொல்லாமல், மொத்தமாக 'ரெண்டாம் டிவிசன் ஆளுங்க' என்றுதானே சொல்வார்.

நீங்கள் அவளைப் படகில் கூட்டிப்போய் எடுத்துக்கொடுத்த அந்தக் கடல்தண்ணீரை, ஆய்வுக்கூடம் பூட்டியிருந்ததால், போத்தலோடு நம் வீட்டு ஐஸ்பெட்டியில் வைத்தாள். மறுநாள் மாசி மகம். பிள்ளை கடல் தீர்த்தம் கொண்டுவந்திருக்கிறாள் என்று உங்கள் தங்கை விமலா உருகிப்போய், சொம்பில் ஊற்றி, மஞ்சள் கலந்து, சாமிமேடை, வாசல், என் மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டு சக்கீனாக்கா பூச்செடி வரைக்கும் தெளிச்சுட்டா. செடி வாடிப்போச்சு. "பரவால்ல லா தேவன், அடுத்த வருசம் எனக்கு வேணாம்"னு சக்கீனாக்கா சொல்லிட்டாங்க. துளசி, "என் படிப்பே அதுலதாம்மா இருந்துச்சு"ன்னு தரையில உக்காந்துட்டா. அம்மாவும் மகளும் பேசிக்கிறதில்ல, சோறு மட்டும் மேசைக்கு வருது. விமலா அழுதுகிட்டே, அண்ணன் வந்தாத்தான் சரியாகும்ங்கிறா. கம்பெனிக்காரன் தோட்டத்தை வித்து அங்க வீடுங்க கட்டினப்புறம் நீங்க அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். எங்க வாசலை நீங்க மிதிச்சதே இல்ல. குறை சொல்லல மச்சான். தோள்ல பால் தூக்குற காண்டா வாளியோட விசிலடிச்சுக்கிட்டு நீங்க வர்றது இன்னும் காதுல இருக்கு, மனசு கெடந்து ஏங்குது. ஆகவே இம்மாதக் கடைசிக்குள் அதே இடத்தில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து, ஐஸ் போட்டு, நீங்களே நேரில் கொண்டுவரவும். பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டாம். உங்களுக்குப் பதிலாக மீன் பெட்டி அனுப்பவும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. விமலா உங்களைக் கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தங்கள் அன்புள்ள
தேவன்

பி.கு.: கவரை ஒட்டும்போது துளசி ஓடிவந்தாள். விமலா வழக்கம்போல் காலிப் போத்தலைக் கழுவாமல், மூடி, ஐஸ்பெட்டியிலேயே திரும்ப வைத்திருக்கிறாள். அடியில் ஒட்டிய ஒரு சொட்டிலேயே கிருமிகள் ஆயிரக்கணக்கில் இருக்குமாம். ஒன்றொன்றாகத்தானே வாசிக்கிறாள், அதுவே போதுமாம். அம்மாவும் மகளும் அடுப்படியில் சிரிக்கிறார்கள். எனவே தண்ணீர் தேவையில்லை. "அதை எழுதிடாதீங்க, எழுதுனா அண்ணன் வரமாட்டாரு" என்கிறாள் விமலா. அதனால் இந்தப் பின்குறிப்பை நீங்கள் படிக்கவில்லை மச்சான். போத்தலோடு வாங்க.