வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த ஃபாலோவர்கள்

இன்ஸ்டாவில் கடை நடத்துகிறவர்கள் நாட்டில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய், "அவசியம் ஃபாலோ பண்ணிடுங்க" என்று அழைத்தவர் எங்கள் வடகத்து அக்கா ஒருவர்தான். இல்லை என்று எவனாவது நிரூபித்தால் என் ஜெராக்ஸ் மெஷினை அவன் பெயருக்கே எழுதி வைக்கிறேன்.

பாடாலூர் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் அவர் கடையும் என் ஜெராக்ஸ் கடையும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. நம்ம பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்தை இடித்து, பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம் எல்லாம் பிசைந்து, வெயிலில் உருட்டிக் காயவைத்த வடகம்தான் வியாபாரம். தாளிக்கும்போது ஓர் உருண்டையை உதிர்த்துப் போட்டால் தெருவே மூக்கை நீட்டும். சென்னை போகிற கார்கள் எல்லாம் அங்கே நின்று வாங்கிப்போகும். அப்புறம் மேம்பாலம் வந்தது. கார்கள் எங்கள் தலைக்கு மேலே பறந்தன. நாங்கள் கீழே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சென்னையிலிருந்து அக்காவின் மகன் தினமும் போன் போடுவார். "கடைய சாத்திட்டு இங்க வந்துடும்மா. வூட்ல ஏசி போட்டிருக்கேன்."

"ஏசியில வடகம் காயுமாடா?" என்று கேட்டாலும், அக்காவும் ஒரு கட்டத்தில் இறங்கி வந்தார். இந்தக் கோடைக்குள் வியாபாரம் எழுந்திருக்கவில்லை என்றால் கடைக்குப் பூட்டு, சென்னைக்கு டிக்கெட். இப்படி வாக்குக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஜெராக்ஸு தம்பி, என்னமோ இன்ஸ்டாவாமே. அதுல நம்ம கடைய ஏத்து."

ஏற்றினேன். அங்கேதான் வினை. வடகத்துக்கு ருசி உண்டு, மணம் உண்டு, முகவெட்டு மட்டும் கிடையாது. எந்தப் பக்கம் திருப்பிப் படம் பிடித்தாலும் கறுப்பாக, உருண்டையாக இருந்தது. ரோஜா இதழ் தூவிப் பார்த்தேன். வடகத்துக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்த மாதிரி ஆகிவிட்டது. முதல் கமெண்ட் வந்தது: "ஆட்டுப் புழுக்கை கிலோ என்ன விலை?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை பிளாக் பண்ணப் போனேன். அக்கா கையைப் பிடித்தார். "நம்ம கடைக்கு வந்து பேசியிருக்கான்ல? சாப்டியாப்பான்னு கேளு." கேட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து எவன் எப்படித் திட்டினாலும் எங்கள் பக்கத்தின் பதில் அது ஒன்றுதான். திட்டியவன் பாவம், குழம்பிப்போய் ஓடிவிடுவான்.

ஃபாலோவர்கள் விரல் விட்டு எண்ணும்படி இருந்தார்கள். அதிலும் நானே இரண்டு பேர். "தெரிஞ்சவங்களுக்கு எல்லாம் மெசேஜ் தட்டி விடலாம்க்கா" என்றேன்.

"போன்ல கூப்புட்டா எவ வருவா? நம்ம வூட்டு விசேஷத்துக்கு அப்படியா கூப்புடுவோம்? நேர்ல போயி முறையா கூப்புடணும்."

மறுநாள் பட்டுப்புடவை கட்டி, தாம்பாளம் ஏந்தி அக்கா முன்னால் நடக்க, போனைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால். சிறுவாச்சூர் வரைக்கும் ஒரு சொந்தம் விடவில்லை. குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கு கொடுத்து, "ஞாயித்துக்கிழம காலைல லைவு, வடகம் தாளிக்கிறோம், குடும்பத்தோட இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். அக்காவின் கொழுந்தனார் முறுக்கிக்கொண்டார். "பக்கத்து வூட்டுக்கெல்லாம் வெச்சுட்டுத்தான் எங்களுக்கா?" அவரைச் சமாதானப்படுத்தி ஃபாலோ வாங்குவதற்குள் எனக்கு இரண்டு காபி ஆகிவிட்டது.

ஞாயிறு வந்தது. கடை வாசலில் அடுப்பை மூட்டி, ஸ்டாண்டில் போனை மாட்டி லைவைத் தொடங்கினேன். பார்த்துக்கொண்டிருந்தது அக்காவின் மகன் மட்டும். வெறுத்துப்போய் நிமிர்ந்தால், டாடா ஏஸிலும் ஷேர் ஆட்டோவிலும் ஊரே வந்து இறங்குகிறது! வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தபின் போனில் பார்த்துவிட்டு வீட்டில் இருந்தால் மரியாதையா? எல்லோரும் நேரிலேயே வந்துவிட்டார்கள். கொழுந்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பந்தி எங்க, அண்ணி?" என்றார்.

நான் அக்காவிடம் ஓடினேன். "அக்கா, போன்ல பாக்கத்தானே கூப்புட்டோம்?"

"முறையா கூப்புட்டுட்டு வெறும் வயித்தோட அனுப்பச் சொல்றியா? போய் அரிசி மூட்டைய எறக்குடா!"

பெரிய அண்டாவில் கத்திரிக்காய்க் குழம்பு கொதித்தது. விற்பதற்கு வைத்திருந்த வடகத்தை அக்கா கை நிறைய அள்ளி அள்ளி எண்ணெயில் போட்டார். போச்சு, கடைக்கு இதோடு கருமாதி என்றே நினைத்தேன்.

ஆனால் அந்த மணம் இருக்கிறதே, அது பாலத்துக்கு மேலேயே ஏறிவிட்டது. ஒரு கார் ஓரம் கட்டி நின்றது. சுவருக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்து, "கீழ என்னங்க மணக்குது?" என்று கத்தியது. "வடகம்! சுத்திக்கிட்டு கீழ வாங்க, எல போட்டாச்சு!" என்று அக்கா கரண்டியை ஆட்டினார். அந்தக் கார் வந்தது. பின்னாலேயே வரிசையாக நாலைந்து வந்தன. சாப்பிட்டவர்கள் கண்ணை மூடி மூடிச் சாப்பிட்டதை அவரவர் குடும்பமே வீடியோ எடுத்துப் போட்டது. வடகத்தைக் காட்டாதே, தின்கிற முகத்தைக் காட்டு என்ற ஞானம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

மாலைக்குள் ஆர்டர்கள் கொட்டின. மகன் போனில் வந்தார். "அம்மா, கடைய..."

"சாத்துறதா? நீ லீவு போட்டுட்டுக் கெளம்பி வா. பொட்டலம் கட்ட ஆள் பத்தல!"

வந்தார். கட்டினார். இப்போது மாதம் ஒருமுறை தவறாமல் வருகிறார்.

என் கடைக்கு வழி கேட்கிறவர்களிடம், "வடகத்து அக்கா கடைக்குப் பக்கத்துக் கடைங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறேன். உண்மையில், அந்தக் கோடையில் அக்கா பூட்டியிருந்தால் மறுநாளே நானும் ஷட்டரை இறக்கியிருப்பேன். அவர் இல்லாத பாலத்தடியில் தனியாக உட்கார எனக்கு மனசு வந்திருக்காது.