யாரிடமும் எதுவும் கேட்காத சுயம்பு

உலகத்தில் யாரையும் எதற்கும் எதிர்பார்க்காத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். பிரம்மா படைக்க வந்தபோதுகூட, "நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க, நானே பாத்துக்கறனுங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தானாகவே பிறந்திருப்பார் என்பது என் கணிப்பு. அதனால் அவருக்கு 'சுயம்பு' என்று பெயர் வைத்தேன். அவர் காதுபட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவ்வளவு நாகரிகமான ஆபீஸ் எங்களுடையது.

அவிநாசி ரோட்டில், லேபிள் அச்சடிக்கும் கடைக்கு மேல்மாடியில் ஆறு பேர் கொண்ட சாஃப்ட்வேர் கம்பெனி. பனியன் கம்பெனிகளுக்கு ஜாவாவில் புரோகிராம் எழுதிக் கொடுப்போம். சுயம்பு தினமும் பொங்கலூரிலிருந்து மொபெட்டில் வருவார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வீட்டிலிருந்து நாற்காலியைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். பிறகு டேபிள் ஃபேன், கெட்டில், பால், டீத்தூள் எல்லாம் வந்தன. எங்கள் முதலாளி மகள் கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் பையிலிருந்து சொந்த ஊறுகாயை எடுத்து வைத்தார். பரிமாற வந்தவர் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை.

புரோகிராமிலும் இதே கதைதான். தேதி வேண்டுமென்றால் ஜாவாவில் இருக்கும் தேதியை நம்ப மாட்டார், தானே ஒன்று செய்வார். எந்தப் பொருள் தேவைப்பட்டாலும் அங்கேயே new என்று போட்டு உருவாக்கிக்கொள்வார். ஒரு ஃபைலைத் திறந்தால் வரிக்கு வரி new.

இப்படிப்பட்ட ஆபீஸில்தான் பெங்களூரில் இரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு நான் டீம் லீடராக வந்து இறங்கினேன். சுயம்பு என்னைவிட இரண்டு வயது சின்னவர். எனக்கு அறிவு கொஞ்சம் அதிகமாகவே இருந்ததால், எல்லாரையும் உட்கார வைத்து வகுப்பெடுத்தேன்.

"நம்மூர் ஜாப் ஒர்க் மாதிரிதானுங்க. தைக்கிற யூனிட்காரர் துணி வாங்கறாரா? நூல், பட்டன், லேபிள் எதையாச்சும் தேடிப் போறாரா? கம்பெனியே கொண்டாந்து எறக்குது, அவர் தைக்கிறார். அதேதான். எந்த கிளாஸும், அதாவது புரோகிராமோட எந்தத் துண்டும், தனக்கு வேணுங்கறத தானே செஞ்சுக்கக் கூடாது. 'எனக்கு இது வேணும்'னு எழுதி வெச்சாப் போதும், கன்டெய்னர்னு ஒரு புரோகிராம் இருக்குது, அது செஞ்சு கொண்டாந்து குடுக்கும்."

சுயம்பு கையைத் தூக்கினார். "ஏனுங்ணா, கொண்டாந்து குடுக்கலீன்னா?"

"குடுக்கும் தம்பி."

"இல்லீங்ணா, ஒருவேளை குடுக்கலீன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

பெருமாநல்லூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனி எங்களுடைய பெரிய கஸ்டமர். தங்கள் ஆர்டர் துணி பின்னும் நிட்டிங்கில் இருக்கிறதா, சாயம் போடும் டையிங்கில் இருக்கிறதா என்று, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அங்கிருந்தே பார்க்க வேண்டுமாம். அதற்கு, வெளியிலிருந்து வரும் கேள்வியை வாங்கிப் பதில் அனுப்பும் REST ஃபிரேம்வொர்க் ஒன்றைக் கொண்டு வந்து என் கன்டெய்னரோடு சேர்ப்பதாகச் சொன்னேன். பழைய புரோகிராம் முழுவதையும் மாற்றி எழுத வைத்ததும் நான்தான். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தத்தான் மறந்துவிட்டார்.

"வெள்ளிக்கெழம பையரோட ஆளுங்க வர்றாங்க கண்ணு. அன்னிக்கு ஓடலீன்னா, நீங்க திங்கக்கெழம சிரமப்பட்டு வர வேண்டாங்க."

வேலையை விட்டுத் தூக்குவதை இதைவிட மரியாதையாக உலகில் எங்கும் சொல்ல மாட்டார்கள். நான் அப்போதுதான் வீட்டை பெங்களூரிலிருந்து மாற்றி, மகளைப் பள்ளியில் சேர்த்திருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கன்டெய்னரையும் REST ஃபிரேம்வொர்க்கையும் சேர்த்து ஓட்டினேன். ஆர்டர் நம்பரைத் தட்டினால் NullPointerException என்று பிழை. துணியே வராத யூனிட்டில் மெஷின் மட்டும் ஓடுகிற கதை. கன்டெய்னர் கொடுக்க வேண்டிய எதுவும், ஆர்டர் விவரம் சொல்லும் ஆர்டர் கிளாஸுக்கு வந்து சேரவில்லை. நிறுத்தி ஓட்டினேன். வெர்ஷனை மாற்றினேன். பெங்களூர் நண்பனுக்குப் போன் போட்டேன், அவன் எடுக்கவில்லை. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். பெங்களூர் அனுபவம் அத்துடன் தீர்ந்துபோனது.

சுயம்பு தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கெட்டிலில் போட்ட டீயைக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். 'அன்னைக்கே கேட்டனே' என்று ஆரம்பிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்ணா, இந்த ஆர்டர் கிளாஸ யாருங்ணா உருவாக்கறது?"

"கன்டெய்னர்தான்."

"பாத்தீங்களாங்ணா?"

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவர் கீபோர்டை இழுத்து, அந்த கிளாஸ் பிறக்கும் இடத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்: உன்னை யார் கூப்பிட்டது என்று காட்டு. ஓட்டினார். திரையில் வந்த பட்டியலில் கன்டெய்னரின் பெயரே இல்லை. REST ஃபிரேம்வொர்க் யாருக்கும் தெரியாமல் தன் பாட்டுக்கு new போட்டு உருவாக்கிக்கொண்டிருந்தது. அப்படியொரு கிளாஸ் பிறந்த விஷயமே கன்டெய்னருக்குத் தெரியாது. பிறகு எங்கிருந்து கொண்டுவந்து கொடுக்கும்?

"அதுவும் ஒரு சுயம்புதானுங்ணா" என்றார், திரையைப் பார்த்தபடியே. "யாரையும் கேக்காம தானே செஞ்சுக்குது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பெயரும் தெரிந்திருக்கிறது, வைத்தது யாரென்றும் தெரிந்திருக்கிறது.

"இப்ப என்ன தம்பி பண்றது?"

"நீ செய்யாதேன்னு சொன்னா அது கேக்காதுங்ணா. செய்யறதுக்கு முந்தி கன்டெய்னர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ, அங்க இல்லீன்னா மட்டும் நீயே செஞ்சுக்கோன்னு சொல்லோணும்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கூட்டுக்காரி என்னைய அப்படித்தானுங்ணா வெச்சிருக்கறா."

பன்னிரண்டு வரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன பாலம். ஓட்டினார். ஆர்டர் நம்பரைத் தட்டியதும், டையிங்கில் இருக்கிறது என்று வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி என்று சொன்னேன். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவர் எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை பையரின் ஆட்கள் மொபைலில் தட்டித் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கடைசி நேரத்துல ஏதோ கோளாறுன்னாங்களே, யாரு கண்ணு கண்டுபுடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுயம்பு சொன்னார்: "அண்ணன்தானுங்க."

முதலாளி என் முதுகில் தட்டினார். மறுத்திருக்கலாம், ஒரு வார்த்தைதான். டீ டம்ளரைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது, ஊதி ஊதிக் குடித்தேன். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியபோது கதவு திறந்திருந்தது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது; பக்கத்து சீட்டுக்கு எல்லாமே கேட்டிருக்கும். திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போனேன்.

ஆறு மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டுப் பொங்கலூரில் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தார். வேறென்ன செய்வார்? கிளம்பும்போதும் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. வெட்கமாக இருந்தது. எத்தனையோ கெட்டிக்காரர்களோடு அதற்கப்புறம் வேலை பார்த்துவிட்டேன், அவர் மேல் வந்த பிரியம் வேறு யார் மேலும் வரவில்லை.

முதலாளி, அன்றைக்குக் கேட்டீர்களே, அதைக் கண்டுபிடித்தது நான் இல்லீங்க. தம்பிதானுங்க.