பலாச்சுளையும் பூச்சு வேலையும்

"இந்தச் சமையலறைக் கதவு ஏன் மூட மாட்டேங்குது?" என்று கேட்டார் கணக்கு வாத்தியார்.

சித்தப்பா விட்டுப்போன பழைய தோட்டத்து வீடு. அதைச் சரிபண்ணி, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவர் தலையில் கட்டிவிட வேண்டும். வாத்தியார் மனைவிக்கு விற்க மனசே இல்லை. "நாமளே இருந்துக்கலாமே" என்று ஒரு தடவை கேட்டாள். முடியாது என்றதும் அதோடு விட்டுவிட்டாள். தங்கமான மனுஷி.

"ஈரத்துல ஊதியிருக்கு சார். இழைச்சா சரியாப் போயிடும்" என்றார் கொத்தனார். சகல வேலைக்கும் அவர் ஒருவர்தான்.

இழைத்ததும் கதவு மூடிக்கொண்டது. மூடியதோடு சரி, திறக்கவில்லை. மனைவி உள்ளே மாட்டிக்கொண்டாள். கொத்தனார் நிலையில் நாலு தட்டு தட்டினார். நிலையோடு சேர்ந்து பாதிச் சுவரும் வந்துவிட்டது.

புழுதிக்குள்ளிருந்து மனைவி தட்டும் கையுமாக வந்தாள். "நம்ம தோட்டத்துப் பலா. இன்னைக்குத்தான் பழுத்துச்சு. எடுத்துக்குங்க."

ஒரு சுளை உள்ளே போனதும் வாத்தியார் சுவரை மறந்தே போனார். அப்படி ஒரு ருசி.

சுவரை மறுபடி எழுப்பினார்கள். அலமாரி மாட்ட அடித்த ஆணி நேரே தண்ணீர்க் குழாயில் இறங்கியது. குழாயை அடைக்கத் தரையைத் தோண்டினார்கள். அடுப்பு மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைய்யா" என்று வாத்தியார் தலையில் கை வைத்தார்.

"பதறாதீங்க. சோளக்கதிர் சுட்டிருக்கேன், ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

கதிரைக் கடித்ததும் வாத்தியாருக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்துவிட்டது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தானே சாந்து குழைத்தார். "நானே பூசினேன், பாத்தியா?" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார். வேலை செய்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறதென்று யாருமே அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் வந்தவர் பலாச்சுளையை மென்றுகொண்டே அந்தச் சுவரில் கை வைத்தார். கை உள்ளே போயிற்று.

"பழம் பிரமாதம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வாத்தியார் இடிந்துபோய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், அப்படியொன்றும் வருத்தமாக இல்லையே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்து மாம்பழம் வேறு வரப்போகிறது. இங்கேயே இருந்துவிடலாம் என்று மனைவியிடம் சொல்ல, ஓட்டமும் நடையுமாகப் பின்பக்கம் போனார்.

அங்கே கொத்தனார் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்:

"அந்த ஆள் போயிட்டார்ல அக்கா? இனிமே சுவரை ஒழுங்காக் கட்டலாமா?"