சாயம் சாரின் அரக்கு நூல்

காஞ்சிபுரத்திலேயே தண்ணீரைச் சந்தேகப்படுவதில் எங்கள் சாயம் சாரை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்று முறை காய்ச்சி வடித்த தண்ணீரையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "தாமல் ஏரித் தண்ணி மாதிரி இருக்குதேபா" என்பார். அதை அவர் வாயில் ஊற்றிப் பார்த்துவிடாமல் தடுப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் என் முதல் வேலை. இரண்டாவது வேலை, குப்பிகளுக்கு லேபிள் ஒட்டுவது.

இரண்டாயிரத்துச் சொச்சம். வாலாஜாபாத் சாலையில் ஒரு சின்ன மருந்து ஆய்வுக்கூடம். கம்பெனிகள் மூலிகைச் சாறுகளை அனுப்பும். நோய்க்குக் காரணமான புரதத்தோடு எது ஒட்டுகிறது என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒட்டுவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் மினுங்கும் சாயம் ஏற்றி, கழுவி, எங்கே மினுங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பிரிவு முழுக்க சாயம் சார்தான். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடும் வீட்டில் பிறந்து, வேதியியல் படித்து, இங்கேயும் வந்து சாயமே போட்டதால் அந்தப் பெயர். ஒரு தடவை கழுவச் சொன்னால் மூன்று தடவை கழுவுவார். இரண்டு நாள் வேலை நான்கு நாளாகும். மேனேஜர் பல்லைக் கடிப்பார்.

போதாக்குறைக்கு, ஒவ்வொரு குப்பியின் கழுத்திலும் ஒவ்வொரு நிறத்தில் பட்டு நூல் கட்டிவிடுவார்.

"என்னா சார், குப்பிக்கெல்லாம் மந்திரிச்சாச்சா?" என்போம்.

"சாயப்பட்டறைக்கு நாலு வூட்டுப் பட்டு வரும்பா. எது எவன் வூட்டுதுன்னு நூல் கட்டித்தான் வைப்பாங்க. ஐஸ்ல வச்சா உன் லேபிளு உரிஞ்சிக்கினு வந்துடும். நூலு வராது."

எந்த நிறம் எந்த எண் என்று அவர் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எல்லாம் மண்டைக்குள்.

ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் கூட்டம் போட்டார். "புது மெஷின் வந்தாச்சு. தங்கம் பூசின தகட்டுல புரதம் இருக்கும். சாறு வந்து ஒட்டினா, தகட்டுல பட்டுத் திரும்பற வெளிச்சம் மாறும். மெஷினே கோடு போட்டுக் காட்டிடும். கழுவற வேலையே இல்ல. நாலு நாள் வேலை ஒரே மத்தியானத்துல முடிஞ்சிடும். திங்கக்கிழமை சோதனை ஓட்டம். சரியா வந்தா சாயப் பிரிவை மூடிடலாம்."

எல்லோரும் சாயம் சாரைப் பார்த்தோம். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தத் தகட்டுல அசல் ஜரிகையா சார், போலியா?"

மேனேஜர் எழுந்தார். "திங்கள்லேருந்து எல்லாம் லேபிள்-ஃப்ரீ. லேபிளே கிடையாது, புரியுதா?"

எனக்கு நன்றாகவே புரிந்தது. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, இருபத்து நான்கு குப்பிகளையும் ஐஸ் தண்ணீரில் ஊறவைத்து, ஒட்டியிருந்த லேபிளையெல்லாம் பசைப் பிசிறுகூட இல்லாமல் உரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை மேனேஜர் குப்பிகளைப் பார்த்தார். "லேபிள் எங்கப்பா?"

"நீங்கதானே சார் கிடையாதுன்னீங்க!"

"அட பாவி! நான் சொன்னது சாயத்தைடா! இங்கிலீஷ்ல அதுக்குப் பேருதான் லேபிள்!"

கம்பெனியிடம் மறுபடி அனுப்பச் சரக்கு இல்லை. எது எந்தச் சாறு என்று தெரியாமல் மெஷினில் ஏற்றியும் புண்ணியமில்லை. நான் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டேன். அப்போதுதான் எல்லோர் கண்ணும் குப்பிகளின் கழுத்துக்குப் போனது. நூல்கள் அப்படியே இருந்தன.

சாயம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "மறந்துடுச்சி சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சோதனை நின்றுவிடும், அவர் பிரிவு பிழைத்துவிடும். ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் துடைத்து முடித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எழுதிக்கோபா. அரக்கு, ஒண்ணு. மயில் கழுத்து, ரெண்டு. மாதுளம், மூணு."

"சார், இதுவும் அரக்குதானே?"

"கண்ணத் தொறந்து பாருபா. அது அரக்கு, இது மாதுளம். அதோ அந்தாண்ட இருக்கிறது குங்குமம், பதினாலு."

எனக்கு மூன்றும் வெறும் சிவப்பு. மேனேஜருக்கும் நம்பிக்கையில்லை. இருபத்து நான்கில் ஒன்று வெறும் தண்ணீர், ஒன்று ஒட்டும் என்று முன்பே தெரிந்த மருந்து. சரிபார்ப்பதற்காகச் சேர்த்து வைத்தவை. சாயம் சார் தண்ணீர் என்று சொன்ன குப்பிக்கு மெஷின் நேர்கோடு போட்டது. மருந்து என்று சொன்னதற்குக் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது. மத்தியானம் இரண்டு மணிக்குள் மொத்த வேலையும் முடிந்தது. மேனேஜர் கை தட்டினார், மெஷினைப் பார்த்து.

டீக்கடையில் கேட்டேன். "மறந்துடுச்சின்னு சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லலாம்தான். ஆனா தெரியுதேபா. தெரிஞ்சிக்கினே எப்டி தெரியாதுன்றது?"

பையிலிருந்து ஓர் அரக்கு நூலை எடுத்து என் சட்டைப் பொத்தான் துளையில் கட்டினார். "உனக்கும் ஒண்ணு இருக்கட்டும். இல்லன்னா உன்னையே ஊறவச்சி உரிச்சிடுவ."

மாதக் கடைசியில் சாயப் பிரிவை மூடினார்கள். தன் மேசையை மூன்று தடவை துடைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரைக் கடைசியாக ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு, அவர் போய்விட்டார். என் வேலை நிலைத்தது, அவர் வேலை போனது. வெட்கத்தில் அன்று வாசல்வரைகூட நான் போகவில்லை.

சட்டை கிழிந்த பிறகு அந்த நூலைச் சாவிக்கொத்தில் கட்டிக்கொண்டேன். எத்தனையோ மழையில் நனைந்தும் இன்னும் சாயம் போகவில்லை. வீட்டைப் பூட்டும்போதெல்லாம் விரல் ஒருமுறை அதைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது.