மர்ஹூம் ஜெஸீம் வெற்றிக்கிண்ணம்

கல்முனை,
வெள்ளி காலை.

மதிப்புக்குரிய மச்சான் ஜெஸீம் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் இங்கு நானும் உங்கள் தங்கை நாச்சியாவும் சுகம். கொழும்பில் நீங்களும் சுகமாக இருப்பதாக நான் நம்புகிறேன், ஊரில் பாதிப்பேர் இன்னும் நம்பவில்லை. இதை டெலிபோனில் சொல்ல எனக்கு முகமில்லை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

றக்பி கிண்ணம் விஷயம்தான். "எங்கட பக்கத்துல ரெண்டு டீமாவது வரணும் மச்சான்" என்று பெருநாளைக்கு வந்தபோது கேட்டீர்களே, உங்கள் பெயரிலேயே ஒரு கிண்ணம் வைத்தால் பிள்ளைகள் வருவார்கள் என்று விளையாட்டுக் கழகத் தலைவன் என்ற முறையில் நானே முடிவெடுத்து, பேனர் அடிக்கும் றிஸ்மியிடம் நீங்கள் றக்பிக் காற்சட்டையோடு நிற்கும் படத்தைக் கொடுத்து, தொடை தெரியாமல் இடுப்போடு வெட்டச் சொன்னேன். அதையெல்லாம் கவனமாகச் சொன்ன நான் எழுத்தைப் பார்க்கவில்லை. நம் பக்கத்தில் உயிரோடு இருப்பவன் பெயரில் எவன் கிண்ணம் வைத்தான்? றிஸ்மி இதுவரை அடித்த கிண்ணப் பேனர் எல்லாம் இறந்தவர்களுக்குத்தான். வழக்கப்படி பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' போட்டு, கீழே 'அன்னாரின் மறுமை வாழ்வுக்காகப் பிரார்த்திப்போம்' என்றும் சேர்த்துச் சந்தைச் சந்தியில் கட்டிவிட்டான்.

முந்தாநாள் லுஹர் தொழுகை முடிந்த கையோடு வீடு நிறைந்துவிட்டது. மௌத்து வீட்டில் அடுப்பு எரியக்கூடாதென்று பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா சோறும் பருப்பும் சட்டியோடு கொண்டுவந்து வைத்தார். பள்ளியிலிருந்து நாற்காலிகள் வந்தன. நாச்சியா அக்கரைப்பற்றில் மகள் வீட்டுக்குப் போயிருந்தா. "மச்சான் நல்லா இரிக்கார்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அந்த நேரம் பார்த்து சரீப் ஹாஜியார் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். எந்தச் சரீப்? நீங்கள் தொடை தெரிய ஓடுகிறீர்கள் என்று உங்கள் வாப்பாவிடம் கோள் சொல்லி அடி வாங்கித் தந்த அதே சரீப்.

"கண்டி மேட்ச டீவீல பாத்தன் காலிதீன்! புருவம் கிழிஞ்சி ரத்தம் ஓடுது, கால்ல கிடந்த சொக்ஸக் கழட்டித் தலையில கட்டிக்கிட்டுத் திரும்ப எறங்கினான். எருமை மாதிரி ரெண்டு பேரு இடுப்புல தொங்குறானுகள், அவனுகளையும் இழுத்துக்கிட்டுப் போய்க் கோட்டுக்கு அங்கால பந்த வெச்சான். அந்தத் துணிச்சல் இந்த ஊர்ல ஆருக்கு இரிக்கி? நாமதான் அவன மதிக்கல்ல."

மச்சான், இவ்வளவு காலம் உங்களைப் பைத்தியம் என்ற ஊர், ஒருத்தர் மாறி ஒருத்தர் புகழ்கிறது. வாப்பாமார் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விளையாடப் பெயர் கொடுக்கிறார்கள். சரீப் ஹாஜியார் தன் பேரனின் பெயரை முதல் ஆளாகச் சொன்னார். உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. அழுகையும் வந்தது, அழுதேன். உயிரோடு இருக்கும் மனுஷனுக்கு!

அசர் தொழுகை நேரம் நாச்சியா ஆட்டோவில் வந்து இறங்கினா. கூட்டத்தைக் கண்டதும் "எண்ட காக்கா!" என்று அண்ணனை நினைத்து வாசலிலேயே விழுந்தா. அதற்குமேல் நான் என்ன செய்ய? எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொன்னேன். சரீப் ஹாஜியார் கண் துடைத்த லேஞ்சியை மடித்து வைத்துக்கொண்டு எழும்பிப் போனார். ஆயிஷா உம்மா சட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அதில் பாதியை நான் தின்று முடித்திருந்தேன். நாச்சியா இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

ஆகையால் கிண்ணத்து நாளில் நீங்கள் கட்டாயம் வரவேண்டும். அந்தப் பேனருக்குக் கீழே நின்று ஊருக்கு முகத்தைக் காட்டி என் மானத்தைக் காப்பாற்றித் தரவேண்டும். உங்கள் வீட்டுக்காரி றிபாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக. இந்த துஆவை இவ்வளவு மனமுருகி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
தெருவில் இறங்க முகமில்லாத மச்சான்,
காலிதீன்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. நீங்கள் உயிரோடு இருக்கும் செய்தி பரவியதும் வாப்பாமார் வந்து பிள்ளைகளின் பெயரை வெட்டச் சொல்கிறார்கள். சரீப் ஹாஜியார், "மௌத்தானவனப் புகழ்ந்தது வேற கத. உசிரோட இரிக்கிறவன நம்பி எண்ட பேரன்ட பல்லக் குடுக்கேலாது" என்று முடித்துவிட்டார். மருதமுனைப் பக்கம் மட்டும் செய்தி இன்னும் எட்டவில்லை. அங்கே இரண்டு டீம் சேர்ந்து, இன்று காலையிலும் கடற்கரை மணலில் பந்தைக் கட்டிப்பிடித்து விழுந்து எழும்பினார்கள். என் கண்ணால் பார்த்தேன் மச்சான், உங்களை மாதிரியே பயமில்லாமல் விழுகிறார்கள். ஆகையால் மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். வரவேண்டாம். டெலிபோனும் எடுக்கவேண்டாம். கிண்ணம் முடியும்வரை மௌத்தாகவே இருந்து உதவுங்கள்.