கோட்டுக்குள் ஜெர்சி

பதினொரு கோல் வாங்கித் தோற்ற ஆட்டத்தை, கேட்டவர்கள் நாங்கள்தான் ஜெயித்தோம் என்று நம்பும்படி சொல்லக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மெல்போர்னில், கிரான்பர்னில் இருந்தார். பெயர் மைக் அங்கிள். வேறு பெயர் இருந்திருக்கும். கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் தமிழர் கால்பந்து கிளப் ஆரம்பித்த முதல் சீசன் அது. பாதிப் பேர் யாழ்ப்பாணம், படகில் வந்து தற்காலிக விசாவில் வேலை செய்கிற பையன்கள். மீதி என்னைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் தொப்பை வளர்த்தவர்கள். மைக் அங்கிளுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் விளையாட்டுப் போட்டிகளுக்கு அறிவிப்பாளராக இருந்தவர். இங்கே வார நாட்களில் பால் லாரி ஓட்டினார். லாரியில் பேச ஆள் இல்லாததால் அத்தனையையும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைத்திருப்பார்.

முதல் ஆட்டத்தன்றே ஒலிபெருக்கியோடு குத்துவிளக்கும் கொண்டு வந்துவிட்டார். விளக்கேற்றாமல் எந்த நிகழ்ச்சியும் தொடங்கக் கூடாதாம். மெல்போர்ன் காற்றில் திரி பற்றுமா? எதிரணி வெள்ளைக்காரப் பையன்கள் வட்டமாக நின்று காற்றை மறைத்தார்கள். நடுவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த மனுஷன் குளிருக்கு இதமாக இருக்கிறதென்று பாதி ஆட்டம் அதோடேயே ஓடினார்.

பிறகு அறிமுகம். "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே!" என்று ஆரம்பிப்பார். பெருமக்கள் என்பது என் மனைவியும் யாரோ கூட்டி வந்த ஒரு நாயும். ஒவ்வொருவர் பெயரும் ஊரோடு வரும். "பருத்தித்துறை பெற்றெடுத்த பாய்ச்சல், ரூபன்! திருப்பூர் தந்த திடகாத்திரம், பாலதண்டாயுதம்!" இரண்டாவது நான். அலுவலகத்தில் என் பெயரைச் சுருக்கி 'பேல்' என்பார்கள். ரூபனை அவன் வேலை செய்கிற கோழித் தொழிற்சாலையில் 'மேட்', அதாவது நண்பா, என்பார்கள். அங்கே எல்லோரும் மேட்தான். வாரம் முழுக்க அப்படி இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முழுப்பெயரைக் காற்றில் கேட்கும்போது, சத்தியமாக, முதுகு நிமிரும்.

வர்ணனையில் பொய் இருக்காது. ஆனால் உண்மை வேறு சட்டை போட்டு வரும். பதினோராவது கோல் விழுந்ததும், "இத்தனைக்குப் பிறகும் நமது கோல் காப்பாளர் களத்தை விட்டு ஓடவில்லை என்பதை ரசிகர்கள் கவனிக்க வேண்டும்" என்றார்.

"என்ன அங்கிள், தோத்துட்டோம்னு சொல்லிடுங்களேன்" என்றேன்.

"தோக்கிறதைச் சொல்ல ஸ்கோர்போர்ட் இருக்குத் தம்பி. பிறகு நான் எதுக்கு?"

கடைசியில் நன்றியுரை. கோடு போட்டவர், ஆரஞ்சு நறுக்கியவர், நடுவர், தண்ணீர் தந்த மைதானத்துக் குழாய் வரைக்கும் நன்றி உண்டு. தன்னை மட்டும் விட்டுவிடுவார்.

அக்கம்பக்கத்தார் பொறுப்பார்களா? புகார் போய்விட்டது. ஒலிபெருக்கி கூடாது என்று லீக்கில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை ஆள் சேராமல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருந்தோம். ஏழு பேராவது இறங்க வேண்டும். இன்னொரு தடவை அப்படி ஆனால் லீக்கை விட்டே வெளியே. கிளப்பின் கதை முதல் சீசனோடு முடிந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு மைதானத்தில் ஆறு பேர்தான் இருந்தோம். ரூபனுக்குப் போன் போட்டேன்.

"பாலா அண்ணை, சும்மா ஓடி அடி வாங்கிறதுக்கு நான் படுத்து நித்திரை கொள்ளுவன். மைக்கும் இல்லையாம்."

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மைக் அங்கிள் எழுந்து கோட்டைக் கழற்றினார். உள்ளே எங்கள் கிளப் ஜெர்சி. முதல் ஆட்டத்திலிருந்தே அப்படித்தான் வந்துகொண்டிருந்தாராம். லீக்கில் தன்னையும் ஆட்டக்காரராகப் பதிந்து வைத்திருந்தாராம்.

"அங்கிள், உங்களால ஓட முடியுமா?"

"ஓடுறதெண்டு ஆர் சொன்னது? ஏழாவது ஆளா நிக்கிறன். தடை ஒலிபெருக்கிக்குத்தானே, வாய்க்கு இல்லையே."

மைதானத்துக்குள் நின்றுகொண்டே வெறும் வாயால் ஆரம்பித்தார். "இதோ, பந்து மைக் அங்கிளை நோக்கி வருகிறது... அங்கிள் யோசிக்கிறார்... எதிரணி யோசிக்கவில்லை... பந்து போய்விட்டது, ரசிகப் பெருமக்களே!" எதிரணிக்காரர்களே சிரித்துச் சிரித்து இரண்டு கோலைத் தவறவிட்டார்கள். மீதியை விடவில்லை. படுதோல்விதான். ஆனால் ஆட்டம் நடந்தது, கிளப் பிழைத்தது. நன்றியுரை சொல்ல அவருக்குத் தொண்டையில் குரலே இல்லை. குழாயைக் கை காட்டிக் கும்பிட்டார்.

செய்தி பரவி, அடுத்த ஞாயிறு ரூபன் முதல் ஆளாக வந்து நின்றான். கடைசி இடத்தில்தான் சீசனை முடித்தோம். முடித்தோம் என்பதுதான் பெரிய விஷயம். இப்போது எங்கள் கிளப்பில் பெண்கள் அணிகூட இருக்கிறது.

மைக் அங்கிள் மகளோடு பெர்த்துக்குப் போய்விட்டார். அந்தக் குழாய்க்குக்கூட அவர் சொன்ன நன்றியை நாங்கள் அவருக்குச் சொன்னதில்லை. இந்தக் கதைதான் அந்த நன்றி. இன்றும் அலுவலகத்தில் யாராவது 'பேல்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் முன், அவர் குரலில் ஒருமுறை என் பெயரை முழுசாகக் கேட்டுக்கொள்கிறேன்.